அருவிக்குப் போன நாளில் வந்த கப்பல்

ஜீப் முன்னால் போகும் கியரில் இருந்தது. பின்னால் போய்க்கொண்டிருந்தது. சேற்றுச் சரிவில் நான்கு சக்கரங்களும் சுற்றின. வண்டி மட்டும், யாரோ வாலைப் பிடித்து இழுப்பதுபோல, மெல்லக் கீழே நழுவியது.

“டிரைவர், நாம போறமா வர்றமா?” என்று கேட்டாள் பின் சீட்டில் இருந்தவள்.

“போறோம்மா” என்றான் குருநாதன்.

வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்றில் வண்டி முட்டி நின்றது. குருநாதன் இறங்கி, கிளைகளை ஒடித்துச் சக்கரங்களுக்கு அடியில் செருகினான். முழங்கால்வரை சேறு. தெற்கே திரும்பி ஒருமுறை காதைத் தீட்டினான். கடல் அந்தப் பக்கம்தான் இருந்தது. அல்லது அந்தப் பக்கம் இருப்பதாக அவன் நினைத்தான். காட்டுக்குள் வந்துவிட்டால் லிட்டில் அந்தமானில் எல்லாத் திசையும் பச்சை.

கடலைக் கவனிக்க அவனுக்குக் காரணம் இருந்தது. அன்று போர்ட் பிளேரிலிருந்து, தீவின் துறையான ஹட் பேக்குக் கப்பல் வருகிற நாள். அதில் அவன் மனைவி வந்துகொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் போட்ட லீவு முடிந்ததும் அவளை ஊரில் விட்டுவிட்டு வந்தவன், குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை காத்திருந்து, இப்போதுதான் வரச் சொல்லியிருந்தான். ஹட் பேயில் கப்பல் கரைக்கு வராது. வெளியே நங்கூரம் போடும். போட் போய் ஆட்களை இறக்கிக்கொண்டு வரும். அலை அதிகமானால் கேப்டன் காத்திருக்க மாட்டார். இறங்காதவர்களோடு அடுத்த தீவான கார் நிக்கோபாருக்குப் போய்விடுவார். அதனால் குருநாதன் அந்த முதல் போட்டில் இருக்க வேண்டும்.

இதைக் காலையில் ஆபீசரிடம் சொல்லிப் பார்த்தான். ஓடுகிற ஜீப் ஒன்றுதான். அதை ஓட்டுகிறவனும் ஒருவன்தான். மெட்ராஸிலிருந்து ஜெட்டி வேலையைப் பார்க்க வந்த இன்ஜினீயர் சிவஞானத்துக்கும் அவர் மனைவி இந்திராணிக்கும் ஒரே நாளில் யானை, முதலை, அருவி மூன்றையும் காட்டியாக வேண்டும். “கப்பல் சாயங்காலம்தான்யா, வயர்லெஸ்ல வந்திருக்கு. போய்ட்டு வா” என்றார் ஆபீசர்.

கிளம்பும் முன் ஜெட்டிக்கு ஓடிப்போய்க் குழந்தைவேலுவிடம் சொல்லிவைத்தான். குழந்தைவேலு போட்டில் வேலை செய்பவன். குருநாதனோடு இத்தனை நாள் ஒரே அறையில் இருந்து, ஒரே பானையில் சோறு தின்றவன்.

“ஒருவேளை கப்பல் முந்தி வந்துட்டா, வீட்ல வரும். பாத்துக்க மாப்ள.”

“நீ போ. தங்கச்சிய நான் தூக்கிட்டு வரமாட்டேனா?”

சொன்னபோது எல்லாம் சரியாக இருந்தது.

கிளைகளின் மேல் ஏறி ஜீப் சரிவைத் தாண்டியது. மரம் இழுக்கிற பாதை அது. முந்தின வாரம் இருந்த வளைவு இந்த வாரம் இல்லை. இல்லாத இடத்தில் ஒரு வளைவு இருந்தது. யானைகள் படாக் மரக் கட்டைகளை எந்தப் பக்கம் இழுக்கின்றனவோ அந்தப் பக்கமே பாதை. வழியில் ஒரு நாலா, கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற ஓடை. உப்புத் தண்ணீர் வற்றியிருந்ததால் சுலபமாகக் கடந்தார்கள். இந்திராணி இரண்டு கரையையும் பார்த்தாள்.

“முதலை இங்கதான் இருக்கும்னாங்களே?”

“இருக்கும்மா. தெரியாது.”

“தெரியலன்னா இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?”

அவன் கியரை மாற்றினான்.

நாலாவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அந்தச் சத்தம் கேட்டது. நீளமாக, கனமாக, முடிவில் உடைந்து. குருநாதன் பிரேக்கை மிதித்தான். யாரிடமும் கேட்கவில்லை. பாதையின் அகலத்தில் முன்னும் பின்னுமாக ஜீப்பைத் திருப்பி, வந்த வழியே விட்டான்.

“என்னப்பா?” என்றார் சிவஞானம்.

“கப்பல் ஊதிருச்சு சார்.”

“சாயங்காலம்னாங்களே?”

வளைவில், சற்றுமுன் ஒன்றுமில்லாத இடத்தில், பாதையை அடைத்துக்கொண்டு ஒரு யானை நின்றது. சங்கிலியில் ஒரு பெரிய கட்டை. கழுத்தில் உட்கார்ந்திருந்தவன் ராஞ்சிக்காரன் சோம்ரா. யானை துதிக்கையைத் தூக்கி மறுபடியும் பிளிறியது. அதே சத்தம்.

“சோம்ரா, ஜஹாஜ் ஆயா க்யா?” என்று, கப்பல் வந்துவிட்டதா என்பதை ஹிந்தியில் கத்தினான் குருநாதன்.

சோம்ரா சிரித்தான். “ஜஹாஜ் நஹி பாய். ஹாத்தி ஹை, ஹாத்தி.”

இந்திராணி அதற்குள் இறங்கிவிட்டாள். “யானையக் காட்டத்தான் திருப்பினீங்களா! சொல்லியிருக்கக் கூடாதா?” கொண்டுவந்த வாழைப்பழங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். சிவஞானம் படம் எடுத்தார். குருநாதனை யானைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லியும் ஒரு படம் எடுத்தார். அந்தப் படத்தில் அவன் யானையைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

“நாலு கால் கப்பல்” என்றார் சிவஞானம். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. அருவிவரை மூன்று தடவை சொன்னார்.

குருநாதன் இப்படித் தவறுவது புதிதல்ல. சாயல்குடிப் பக்கத்திலிருந்து லாரி கிளீனராகக் கிளம்பி, மெட்ராஸில் கப்பலேறி, போர்ட் பிளேர் வந்து சேர்ந்தபோது அவனுக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. ரோடு வேலைக்கு மாயாபந்தருக்குப் போகச் சொன்னார்கள். ஃபீனிக்ஸ் பே துறையில் போட் ஏறினான். ஒரு ஜெட்டி வந்தது. தகரக் கொட்டகை, தென்னை, ஹிந்தியில் ஒரு போர்டு. மாயாபந்தர் எப்படி இருக்கும் என்று சொல்லியிருந்தார்களோ அப்படியே இருந்தது. இறங்கிவிட்டான். அது ரங்கத். போட் போய்விட்டது. மொழி தெரியாது. ரோடு வேலையா என்று சைகையில் கேட்டான். ஆமாம் என்று மண்வெட்டியைக் கொடுத்தார்கள். சம்பளம் கொடுத்த கங்காணியிடம், “மாயாபந்தர்ல மழை ஜாஸ்திதான்” என்று ஒருநாள் சொன்னபோதுதான் அந்த ஆள் அவனை உற்றுப் பார்த்தார். அதற்குள் மழைக்காலமே முடியப்போகிறது. அங்கேயே லாரி ஓட்டக் கற்று, பிறகு ஜீப், பிறகு இந்தத் தீவு. மாயாபந்தரை அவன் இன்றுவரை பார்க்கவில்லை.

ஆகவே, லீவு முடிந்து ஊரில் பஸ் ஏறும்போது, மனைவியிடம் ஒன்றே ஒன்றுதான் அழுத்திச் சொன்னான். “எல்லாத் தீவும் ஒரே மாதிரி தெரியும். கொட்டகையப் பாத்து எறங்கிராத. எவன் எறங்கச் சொன்னாலும் எறங்காத. கீழயிருந்து ஒம் பேரச் சொல்லிக் கூப்புட்டா மட்டும் எறங்கு.” அவள் தலையாட்டினாள். மெட்ராஸில் அவள் அண்ணன் ஏற்றிவிட்டான். போர்ட் பிளேரில் தெரிந்த பரமசிவம் கப்பல் மாற்றிவிட்டிருப்பார். மிச்சம் இருந்தது ஒரு நூலேணி இறங்குகிற தூரம்.

அருவிக்கு வண்டி போகாது. இறங்கி நடந்தார்கள். உயரம் அதிகமில்லை, அகலம். தண்ணீர் விழுகிற சத்தத்தில் மற்ற சத்தங்கள் எல்லாம் இருந்தன. மோட்டார் சத்தம், ஆள் கூப்பிடுகிற சத்தம், கப்பல் ஊதுகிற சத்தம். குருநாதன் பாறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். பிரிந்தவை மறுபடியும் தண்ணீராயின.

பிறகு ஒன்று மட்டும் தனியாக வந்தது. நீளம். கனம். எழுந்து நின்றான்.

“குருநாதா, ஒன் நாலு கால் கப்பல் கூப்பிடுதுப்பா” என்றார் சிவஞானம், தண்ணீருக்குள் நின்றபடி.

குருநாதன் சிரித்தான். இன்னொரு தடவை வண்டியைத் திருப்பி இன்னொரு யானைக்கு முன்னால் போய் நிற்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. முடிவில் உடைந்ததா, உடையவில்லையா? யானை என்றால் உடையும். உடைந்ததுபோல்தான் இருந்தது. உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு, உடையவில்லை என்று தோன்றியது.

“சார், கெளம்பலாமா?”

“இப்பத்தானப்பா வந்தோம்.”

“வீட்ல வர்றாங்க சார். கப்பல்ல.”

இந்திராணி காலில் ஏறியிருந்த அட்டையை உப்புப் போட்டு உதிர்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். “உங்க சம்சாரமா? மொதல்ல சொல்லக் கூடாதா? பேரு என்ன?”

அவன் மரத்தைப் பார்த்துச் சிரித்தான்.

“சொல்லுங்களேன். பேரச் சொன்னா தேஞ்சா போயிடுவாங்க?”

“வீட்லம்மா… ஊர்லேருந்து வர்றாங்க” என்றான் மறுபடியும். பெயர் வாயில் வரவில்லை. ஊரில் அம்மாவிடம் பேசும்போதும் ‘அது’ என்றுதான் சொல்வான்.

“நல்ல ஆளு” என்றாள் இந்திராணி. “என்னங்க, தண்ணிய விட்டு வாங்க. பாவம், அந்தப் பொண்ணு காத்துட்டிருக்கும்.”

வேகமாக வந்தார்கள். ஏறும்போது நழுவிய சரிவு இன்னும் முன்னால் கிடந்தது. அதற்கு முன் நாலா. தண்ணீர் கொஞ்சம் ஏறியிருந்தது. கடக்கலாம். கடக்கிற இடத்தில், குறுக்கே, ஒரு மரம் கிடந்தது. வரும்போது அது இல்லை. மரம் கண்ணைத் திறந்தது.

“முதலை!” இந்திராணி இருக்கையில் எழுந்து நின்றாள். “ஆர்ன் அடிக்காதீங்க, ப்ளீஸ். போயிடும்.”

போக வேண்டும் என்றுதான் அவன் கையை ஆர்ன் மேல் வைத்திருந்தான். கையை எடுத்தான். சிவஞானம் படம் எடுத்தார். முதலை வாயைத் திறந்து அப்படியே வைத்துக்கொண்டது. கொட்டாவியா கோபமா என்று தெரியவில்லை. குருநாதன் மெல்ல வண்டியை முன்னால் விட்டான். அது நகரவில்லை. பின்னால் எடுத்தான். அப்போதும் நகரவில்லை. கடைசியில் ஆர்னை அழுத்தினான். விடாமல் அழுத்தினான். முதலை அசையவில்லை. காட்டுக்குள்ளிருந்து ஒரு யானை பதில் கொடுத்தது.

அல்லது கப்பல்.

இந்திராணி இப்போது முதலையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். “ஏதாவது பண்ணுங்க” என்றாள் கணவனிடம். சிவஞானம் இறங்கி ஒரு கல்லை எடுத்தார், வைத்தார், வேறு கல்லை எடுத்தார். அவர் எறிவதற்குள், யாரும் எதுவும் செய்யாத ஒரு நொடியில், முதலை தண்ணீருக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று.

ஜெட்டிக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. கடலில் அலை எழும்பி எழும்பி விழுந்தது. கப்பல் தெற்கே, ஒரு தீப்பெட்டி அளவுக்கு, புகையோடு போய்க்கொண்டிருந்தது. கொட்டகையில் ஒரு வங்காளிக் குடும்பம் தகரப் பெட்டிகளை எண்ணியது. வேறு பெண்கள் இல்லை. குழந்தைவேலு நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான்.

“எங்கடா?”

“வயர்லெஸ்காரன் சொன்னது தப்பு மாப்ள. காலையிலயே வந்துருச்சு. மூணு ட்ரிப் அடிச்சோம். மேல கப்பல் தடுப்புக்கிட்ட ஒரு பொண்ணு, மஞ்சப் பையோட. நம்ம ஊரு மொகம். எறங்கும்மான்னேன். எறங்கல.”

“என் பேரச் சொன்னியா?”

“குருநாதன் வீடான்னு கத்துனேன். ஆமான்னு தலைய ஆட்டுச்சு. அப்ப எறங்குன்னேன். அதுக்கு மேலேருந்து கேக்குது, ‘எம் பேரு என்ன, சொல்லுங்க’ங்குது.”

குருநாதன் கப்பல் போன திசையைப் பார்த்தான்.

“எனக்கு எப்படிறா தெரியும்? இத்தன வருசம் ஒன்கூடக் கெடக்கேன், வீட்ல வீட்லன்னே சொன்ன. செல்லமான்னேன். இல்லன்னுச்சு. அலமுவான்னேன். புஷ்பமான்னேன். விசாலாட்சியான்னேன். எனக்குத் தெரிஞ்ச பொம்பளப் பேரே அவ்வளவுதான் மாப்ள. போட்டு ஏறுது, எறங்குது, போட்டு ஓட்டுற சாரெங் வையிறான், மேல நிக்கிறவனெல்லாம் சிரிக்கான். அது பையக் கெட்டியாப் பிடிச்சுட்டு நின்னுச்சு. அப்பறம் ஏணியத் தூக்கிட்டான்.”

“அழுதுச்சா?”

“தூரம். தண்ணி வேற அடிக்குது. தெரியல.” குழந்தைவேலு சட்டையை உதறினான். “நீ சொன்னதத்தானடா செஞ்சிருக்கு. அது மேல தப்பில்ல.”

“இல்ல” என்றான் குருநாதன்.

ஜீப்பில் இந்திராணியும் சிவஞானமும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கப்பல் ஒருமுறை ஊதியது. இப்போது சந்தேகமே இல்லை. அது யானைபோல்தான் இருந்தது.

மறுநாள் காலையில் மழை பெய்தது. குருநாதன் வயர்லெஸ் ஆபீஸுக்குப் போனான். ஆபரேட்டர் வங்காளி. “நாம் க்யா ஹை?” என்று பெயரைக் கேட்டார். பொன்னம்மா என்றான் குருநாதன். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடியும் உரக்கச் சொன்னான். வராந்தாவில் ஒதுங்கி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மத்தியானத்துக்கு முன்னால் பதில் வந்தது. கப்பல் கார் நிக்கோபாரில் நின்றுகொண்டிருந்தது. பொன்னம்மா என்ற பயணி கப்பலில்தான் இருக்கிறார். அங்கும் இறங்கச் சொன்னார்கள், இறங்கவில்லை. சாப்பாடு கொடுக்கிறார்கள். கப்பல் இன்னும் தெற்கே போய்விட்டுத் திரும்பும். ஹட் பேயில் எந்த நாள் நிற்கும் என்பது அலையைப் பொறுத்தது.

பிறகு ஜீப்பைக் கழுவினான். சக்கரத்தின் உள்பக்கம் சேறு காய்ந்திருந்தது. பின் சீட்டுக்கு அடியில் ஒரு வாழைப்பழம் கிடந்தது. சிவஞானம் ஜெட்டி வேலைக்குப் போனார். இந்திராணிக்கு ஆமை பார்க்க வேண்டியிருந்ததால் கடற்கரைக்கு ஓட்டிப் போனான். ஆமை இல்லை. திரும்பினார்கள். சாயங்காலம் குழந்தைவேலு சோறு வடித்தான், கருவாடு சுட்டான். சாப்பிடும்போது பெயரை இன்னொரு தடவை கேட்டான். குருநாதன் சொன்னான். கூரை ஒழுகியதால் தட்டுகளைச் சுவர்ப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்கள்.