குங்குமம் வைத்த லேப்டாப்

ஆயுத பூஜையன்று உங்கள் வீட்டில் எதற்கெல்லாம் குங்குமம் வைத்தீர்கள்? எங்கள் வீட்டில் எதற்கு வைக்கவில்லை என்று கேளுங்கள், சீக்கிரம் சொல்லிவிடலாம்.

என் வீட்டுக்காரர் புதுப்பட்டினத்தில் லோடு வண்டி வைத்திருக்கிறார். வண்டி, மிக்ஸி, கிரைண்டர், மகளின் ஹேர் டிரையர்... எதையும் விடமாட்டார். பூஜை நேரத்தில் எந்த மெஷினும் ஓடக்கூடாது, அதற்கும் ஓய்வு வேண்டும் என்பது அவர் சட்டம். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் நான் சண்டை போட்டு விலக்கு வாங்கியிருக்கிறேன்.

இந்த முறை மாட்டியது மகள் யாழினியின் லேப்டாப். அது ஏதோ அப்டேட் கேட்க, சரி என்று தட்டிவிட்டு அவள் குளிக்கப் போனாள். 'அணைக்க வேண்டாம்' என்று ஸ்கிரீனில் இங்கிலீஷில் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்தது. இவர் விடுவாரா? சார்ஜரைப் பிடுங்கினார். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தார். அடங்கியதும் அந்தப் பட்டன் மேலேயே சந்தனம், குங்குமம்!

அப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை. ஃபேன் சுற்றுகிறது... ஸ்கிரீன் கறுப்பு.

யாழினி ஆர்க்கிடெக்சர் கடைசி வருடம். பெங்களூர் கம்பெனி ஒன்றில் பயிற்சிக்குச் சேர, மறுநாள் மதியத்துக்குள் வரைபடங்களை அனுப்ப வேண்டும். அத்தனையும் அதற்குள்தான். காப்பி எடுத்து வைக்கவில்லை. அவள் கத்தவில்லை, அழவில்லை. அப்பாவோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பஜாரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ரேவதியிடம் மூவரும் ஓடினோம்.

"மெஷினு கண்ணு முழிச்சதும் மொத மொத படிக்கிற பாடம் ஒண்ணு கீது. அத அண்ணாத்த பாதில கிழிச்சிட்டாரு. ஃபைலு எல்லாம் பத்திரமா கீது, எழுந்திருக்கத்தான் தெரியாம படுத்துகினு கீது. சிப்புல புதுசா எழுதுனா சரியாப் பூடும்."

"அப்ப எழுதும்மா!" என்றார் இவர்.

ரேவதி உள்ளே கை காட்டினாள். சாமி படத்துக்கு முன்னால் ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன், கம்ப்யூட்டர் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு பொரி, கடலை நடுவே உட்கார்ந்திருந்தன.

"நாளைக்குக் காலைல கற்பூரம் காட்டித்தான் எடுப்பேன்."

"அவசரம்மா... சாமி ஒண்ணும் சொல்லாது."

"இன்னா அண்ணாத்த, நீங்க நிறுத்துனா சாமி காரியம், நான் நிறுத்துனா பேஜாரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. வீட்டுக்கு வந்து சுண்டலைக்கூடத் தொடவில்லை மனிதர். பாவமாக இருந்தது.

விஜயதசமி காலையில் கண் விழித்தால் ஆள் இல்லை. நானும் யாழினியும் கடைக்குப் போனால், மூடிய ஷட்டர் முன்னால் நிற்கிறார். ஒரு கையில் தேங்காய், கற்பூரம். இன்னொரு கையில் அந்த லேப்டாப், பச்சைக் குழந்தையை ஏந்துவது போல.

ரேவதி வந்தாள். கற்பூரம் காட்டி, கருவிகளை எடுத்து, லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் திறந்தாள். குட்டி சிப் ஒன்றில் கிளிப்பை மாட்டி, தன் கம்ப்யூட்டரிலிருந்து புதிதாக எழுதினாள். பிறகு எல்லாவற்றையும் மூடி, பட்டனை அழுத்தினாள்.

கறுப்பு... இன்னும் கறுப்பு... இவர் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்கிரீனில் வெளிச்சம் வந்தது. அவர் திறக்கவில்லை.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து வரைபடங்களை அனுப்பி முடித்தாள் யாழினி. அப்புறம் எழுந்து, பூஜைத் தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து அப்பாவின் நெற்றியில் வைத்தாள்.

"அப்பா, அடுத்த வருஷம் மொதல்ல உன்னை ஆஃப் பண்ணிட்டுத்தான் பூஜையே ஆரம்பிக்கணும்."

"பண்ணும்மா, பண்ணு" என்றார் அவர். மகள் பேசிவிட்டாளே!

ஒன்றே ஒன்றுதான் எனக்குச் சந்தேகம்... இவருக்குப் பவர் பட்டன் எங்கே இருக்கிறது?