முப்பத்தாறாவது வீடு

செய்தி வந்தபோது நான் டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலத்தின் மேல் இருந்தேன். காலனியிலிருந்து செல்விதான் போன் செய்தாள். "வைதேகிம்மா, ஹமீதாக்கா போயிட்டாங்க" என்றாள். எங்கே போனார் என்று கேட்டேன். "காலையில எழுந்திருக்கலைங்க. கீழ்வீட்டுக்காரங்க கதவைத் தட்டிப் பார்த்திருக்காங்க" என்றாள். பஸ் சிந்தாமணியில் நின்று கிளம்பியது. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததும் போனதும் எனக்குத் தெரியவில்லை.

அக்காவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்கள் இதைப் படித்தால், இவ்வளவு தெரிந்தால் போதும்: வீடில்லாத குடும்பங்களை ஒன்றுசேர்த்து, நிலம் வாங்கி, அவர்களோடு சேர்ந்தே வீடு கட்டும் சின்னத் தொண்டு அமைப்பு ஒன்றில் நாங்கள் இருவரும் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தோம். தென்னூரில் ஒரு மாடியறைதான் அலுவலகம். ஆட்களைச் சேர்ப்பது, பேசுவது, அலைவது அவர் பொறுப்பு. அளப்பதும் வரைவதும் என் பொறுப்பு. என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்றேன். அவர் கடைசிவரை என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டார்.

பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் குடியிருந்தார். அந்தப் படிக்கட்டின் அகலம் இரண்டரை அடி. நடுவில் ஒரு திருப்பம் வேறு. உடலை எடுத்துப்போக வந்த சந்தூக்குப் பெட்டி அந்தத் திருப்பத்தில் திரும்பவில்லை. பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டு, வெள்ளைத் துணியில் சுற்றிய அவரை நான்கு பேர் பாயோடு தூக்கி ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். "மெதுவா, மெதுவா" என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆண்கள் தோளில் ஏந்திக்கொண்டு போனதும் தெரு காலியாகிவிட்டது. அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை. அக்காவின் தம்பி மனைவி என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டார். "கூட வேலை பார்த்தவ" என்றேன். அவர் ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார். சுற்றிலும் இருந்தவர்கள் மாமி என்றும் லாத்தா என்றும் அரற்றினார்கள். எனக்கு அப்படிச் சொல்லி அழ ஓர் உறவுமுறை இல்லை. நாங்கள் கட்டிய காலனியில் முப்பத்தைந்து வீடுகள். அங்கிருந்து செல்வியையும் சேர்த்து மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். அதை அப்போதே கவனித்தேன். காரணம் பிறகுதான் தெரிந்தது.

அவரை முதலில் நான் பார்த்தது ஒரு வாய்க்கால் கரையில். கரையோரக் குடிசைகளை அப்புறப்படுத்த நோட்டீஸ் வந்திருந்த சமயம். அமைப்பில் நான் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பெரிய பெரிய வீடுகளுக்கு வரைபடம் போட்டுப் பழகிய கையால், ஒரு சின்ன வீட்டுக்கு வரைந்து எடுத்துப் போயிருந்தேன். வரைபடத்தை வாங்கிப் பார்த்தவர், "நல்லா இருக்குங்க. ஆனா இதை யாரு படிக்கிறது?" என்றார். ஒரு டப்பா கோலமாவு கொண்டுவரச் சொன்னார். நான் அளவு சொல்லச் சொல்ல, பெண்கள் அந்த வீட்டை முழு அளவில் தரையில் கோடாகப் போட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சமைப்பது போல, படுப்பது போல, குழந்தையைக் குளிப்பாட்டுவது போலச் செய்து பார்த்தார்கள். செல்வி அடுப்பு வைக்கிற இடத்தில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்து, "ஏங்க, கக்கூஸ் கதவைத் திறந்தா என் முதுகுல இடிக்குமே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலத்துக்குள் அந்த வரைபடம் நாலு முறை மாறியது.

அக்கா அந்தக் கரையிலேயே குடியிருந்தவர் என்பது அதன் பிறகுதான் எனக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்து மக்களுக்கு உழைப்பவர் என்று நினைத்திருந்தேன். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன கணவர் அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டபின், தையல் மிஷினோடு அந்தக் கரைக்கு வந்தவர் அவர். ஆட்களைத் திரட்டும் திறமையைப் பார்த்து அமைப்பு அவரை வேலைக்கு எடுத்திருந்தது. பட்டியலில் முப்பத்தாறு குடும்பங்கள். நாலாவது பெயர் ஹமீதா. குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதியிருந்தது. "ஒத்தை ஆளுக்கு எதுக்கு வீடுன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. ஒத்தை ஆளுக்குத்தான் கதவு வேணும்னு சொன்னேன்" என்றார் என்னிடம்.

இனி எழுதப்போவதை நான் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

மன்னார்புரத்தைத் தாண்டி வெகுதூரம் போய் ஒரு நிலம் கிடைத்தது. ஒரு பக்கம் ஓடை. ஓடையின் எல்லையிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் கட்ட வேண்டும் என்பது விதி. எல்லையைக் காட்டும் சர்வே கல் கருவேலம் புதருக்குள் இருந்தது. நான் அளக்கப் போன அன்று நல்ல வெயில். புதரில் முள். பழைய கம்பிவேலி ஒன்று நேராக ஓடியது. அதுதான் எல்லையாக இருக்கும் என்று அதிலிருந்தே அளந்துவிட்டேன். வரைந்தேன். முப்பத்தாறு வீடுகளும் கச்சிதமாக அமர்ந்தன. அஸ்திவாரத்துக்குக் கோடு போட்டபின் வந்த சர்வேயர் ஆள் விட்டுப் புதரை வெட்டச் சொன்னார். கல், வேலியிலிருந்து ஏழடி எங்கள் நிலத்துக்குள் இருந்தது.

மூன்று நாள் மாற்றி மாற்றி வரைந்து பார்த்தேன். என்ன செய்தாலும் முப்பத்தைந்துதான் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படியில் ஒரு சாண் குறைத்தால் முப்பத்தாறும் வந்துவிடும் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் உடனே மறுத்தார். "அவங்க நடந்து பார்த்த வீடு அது. அதுல கை வைக்காதீங்க."

"அப்ப யாருக்கு இல்லைன்னு சொல்றது? நான் என்ன பண்ணட்டும்?" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீங்க எதுவும் சொல்ல வேணாம்" என்றார்.

மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்று, தனக்கு வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "எனக்கு டவுன்லயே இருந்தாத்தான் சரிப்படும். பாங்கு சத்தம் கேட்காத இடத்துல எனக்குத் தூக்கம் வராது. என் பேரை எடுத்துடுங்க." வேலியைப் பற்றியோ, கல்லைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. ஒருவர் விலகியதால் வீடு ஒன்று குறைந்தது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கரை காலியானது. முப்பத்தைந்து குடும்பங்கள் புது வீடுகளுக்குப் போயின. அக்கா ஒரு ஆட்டோவில் தையல் மிஷினை ஏற்றிக்கொண்டு முதல் வாடகை வீட்டுக்குப் போனார்.

குடிபோய் ஒரு மாதத்திலேயே காலனியில் புலம்பல் ஆரம்பித்தது. வீட்டு வேலைக்கும் ஸ்ரீரங்கத்தில் பூ விற்கவும் போய்வந்த பெண்களுக்கு ஊர் எட்டாத தூரமாகிவிட்டது. பஸ் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் வேறு ஆள் வைத்துவிடுகிறார்கள். "வீடு கட்டிட்டோம், வயித்தை மறந்துட்டோம்" என்றார் அக்கா. காலனிப் பெண்கள் சமைத்துத் தருகிறோம் என்று கேட்க, பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் கேன்டீன் பார்க்கும் அதிகாரியிடம் செல்வியை அழைத்துப் போனார். அவர் முடியாது என்று சொல்வதற்கு வாயெடுத்தார். "ஒரு நாள் சாப்பிட்டுப் பாருங்க சார். சாப்பிட்டுட்டு முடியாதுன்னு சொல்லுங்க, கேட்டுக்கறோம்" என்றார் அக்கா.

அந்த ஒரு நாளில் மழை பிடித்துக்கொண்டது. சாப்பாடு ஏற்றிய ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது. ஷிப்ட் மணி அடிக்க அரை மணி நேரம் இருந்தது. அக்கா நடுரோட்டில் நின்று ஒரு டவுன் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார். சாம்பார் அண்டாவையும் சோற்றையும் நாங்கள் ஏற்ற ஏற்ற, கண்டக்டர் கத்தினார். "இது பஸ்ஸா, கல்யாண வேனா?"

"அண்டாவுக்கும் சேர்த்து டிக்கெட் போடுங்க தம்பி. இறங்கறப்ப உங்களுக்கும் ஒரு வாய் உண்டு."

பஸ் முழுக்கச் சாம்பார் வாசனை. முன்சீட்டில் இருந்த பெரியவர் எழுந்து அண்டாவுக்கு இடம் விட்டார். மணி அடிக்கும் முன் போய்ச் சேர்ந்தோம். காலனியில் அப்படித் தொடங்கிய சமையல் கூடத்தில் இன்றைக்குப் பதினொரு பெண்கள் வேலை செய்கிறார்கள்.

அன்று திரும்பி வந்து பாத்திரம் கழுவும்போது செல்வி சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "எங்களுக்காக இவ்வளவு அலையறீங்க. எங்க கூட வந்து இருக்க மட்டும் உங்களுக்கு மனசு வரல, இல்லக்கா?" அக்காவும் சிரித்தார். "நான் டவுன்காரி செல்வி" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பின் அவர் ஏழு வீடு மாறினார். ஒரு வீட்டை மகனுக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள். இன்னொன்றை இடித்துவிட்டுக் கடை கட்டினார்கள். ஒரு இடத்தில் மிஷின் சத்தம் ஆகாது என்றார்கள். தனியாக இருக்கும் பெண்ணுக்கு இல்லை என்று வாசலிலேயே சொன்னவர்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் சாமான் ஏற்ற நான் கூடப் போனேன். மூன்றாவது வீட்டிலிருந்து கிளம்பிய அன்று என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றேன். அவர் மூட்டை கட்டுவதை நிறுத்தவில்லை. "சொன்னா வீடு வந்துடுமா? நீங்க அளந்து கொடுத்ததை நாளைக்கு யாரு நம்புவா? இன்னும் எத்தனை பேருக்கு நீங்க வரையணும். விடுங்க" என்றார். அவர் சொன்னதற்காகத்தான் விட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். உண்மையில், எனக்கும் அது வசதியாக இருந்தது.

நாற்பதாம் நாள் ஆனபின் காலனியின் சமுதாயக் கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். வந்தவர்கள் மாலை போட்டு, நல்லபடியாகத்தான் பேசினார்கள். அமைப்பின் தலைவர், கிடைத்த வீட்டையே வேண்டாம் என்று சொன்ன பெருந்தன்மை என்றார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டு, வேலியிலிருந்து ஆரம்பித்தேன். வெயில், முள், ஏழடி, மூன்று நாள், அவர் எழுந்து நின்றது, நான் எழாமல் உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

முடித்ததும் செல்விதான் எழுந்தாள்.

"நாங்க என்ன நினைச்சோம் தெரியுமா? ஆபீஸ் வேலை கிடைச்சதும் நம்ம கூட இருக்கறது கேவலமாப் போச்சு அவங்களுக்குன்னு நினைச்சோம். அவங்க முதுகுக்குப் பின்னால இதையே பேசினோம். என் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகையைத் தபால்ல அனுப்பினேன். கரையில என் பக்கத்து வீட்டுக்காரங்க அவங்க. நேர்ல போய்க் கூப்பிடல. அவங்க வந்தாங்க. பின்னாடி உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போனாங்க. நீங்களும் வந்திருந்தீங்க. பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?"

ஆமாம் என்றேன்.

அவருடைய வீட்டைத்தான் நான் இல்லாமல் செய்தேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அக்கம்பக்கத்தையும் சேர்த்து எடுத்துவிட்டேன் என்பது அன்றுதான் உறைத்தது. அக்காவுக்கு அது முன்பே தெரிந்திருக்கும். ஒரு நாளும் சொன்னதில்லை.

என்னிடம் அவருடைய படம் ஒன்றும் இல்லை. தையல் மிஷினைத் தம்பி வீட்டில் எடுத்துக்கொண்டார்கள், அது முறைதான். எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பழக்கம். என் அம்மா காலமான பிறகு நான் ஸ்ரீரங்கத்து அடையவளஞ்சான் வீதி வீட்டில் தனியாக இருக்கிறேன். அம்மா இறந்த அந்த வாரத்திலிருந்து, சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்டும்போது அக்கா ஒன்று சொல்வார். "போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க."

"தென்னூருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவுல என்ன காடா இருக்கு?" என்று முதலில் கேலி செய்தேன்.

"காடு இல்லதாங்க. நீங்க போய்ச் சேர்ந்தீங்கன்னு யாராவது ஒருத்தருக்குத் தெரியணும்ல."

வீட்டுக் கதவைத் திறந்ததும் இரண்டு ரிங் விட்டு வைப்பேன். அங்கிருந்து இரண்டு ரிங் வரும். பேசியதில்லை, அவ்வளவுதான். இப்போதும் கதவைத் திறந்ததும் கை போனுக்குப் போகிறது. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

இரங்கல் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது, இரவு ஷிப்டுக்குச் சாப்பாடு கொண்டுபோக செல்வி தன் வண்டியில் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு செல்வி" என்றேன்.

அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று அழைப்பு வரவில்லை. மறுநாள் காலனிக்குப் போனேன். அவள் சாப்பாட்டோடு வண்டியில் கிளம்பும்போது அதையே சொன்னேன். அன்றும் வரவில்லை. நாளைக்கும் போவேன், சொல்வேன்.