நழுவவில்லை, விட்டேன்

என் மகன் என் கையிலிருந்து நழுவி விழவில்லை. நான்தான் விட்டேன்.

முகம் சுளிக்கிறாயா? சுளித்துக்கொள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுப் போ.

பிரசவத்துக்குப் பரளச்சியில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் என்றைக்காவதுதான் வரும். வந்த அன்று பேரல், அண்டா, குடம் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். அதில் கொசு பெருகித் தெருவே சிக்குன்குனியாவில் படுத்தது. பிள்ளை பெற்ற உடம்போடு நானும் படுத்தேன். என்னைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கும் வந்தது.

காய்ச்சல் போய்விட்டது. வலி போகவில்லை. காலையில் விரல் மடங்காது. பால் கொடுக்க உட்கார்ந்தால் மணிக்கட்டில் ஆணி அடித்தது போல் இருக்கும். பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று அம்மா தொண்டை நனையத்தான் தருவாள். வீடு நிறையத் தண்ணீர்... எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டு கிடக்கும்!

அருப்புக்கோட்டை டாக்டர் கையை அமுக்கிப் பார்த்து, "போகப் போகச் சரியாயிரும்" என்றார். தூங்குகிறாயா, ஏன் அழுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா? பிள்ளை அழும்போது அடுத்த வீட்டுப் பிள்ளை அழுவது போல் இருக்கிறது என்று எந்தத் தாய் சொல்வாள்?

தொட்டில் போடும் நாளில் எம்.ரெட்டியபட்டியிலிருந்து மாமியார் வீட்டார் வந்து இறங்கினார்கள். நான் சுவரைப் பிடித்து எழுந்ததை மாமியார் பார்த்துவிட்டார்.

"நாங்கள்லாம் பிள்ளையப் பெத்துப் போட்டுட்டு பருத்தி எடுக்கப் போனோம். இவுக என்னடான்னா சுவத்தப் பிடிச்சு நடக்காக!"

"காய்ச்சல்ல விழுந்த உடம்பு மதினி..." என்றாள் அம்மா.

"ஊருக்கே காய்ச்சல்தான். மத்தவளுக சோறு பொங்கலையாக்கும்?"

என் வீட்டுக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

சேலைத் தொட்டிலில் போடப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வாங்கிக்கொள்ள அம்மா கையை நீட்டினாள். அந்தக் கை வந்து சேருமுன் என் கையை எடுத்துவிட்டேன். விரல் அப்போது விறைத்திருக்கவில்லை. எனக்குத் தெரியும்! 'இனித் தூங்கலாம்' என்ற ஒரே நினைப்புதான் இருந்தது...

சிமெண்டுத் தரையில் விழுந்தான். தோள் எலும்பு ஒடிந்தது.

வீங்கிய விரலோடு நின்ற அம்மாவைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவளும் தன் கையைத்தான் பார்த்தாள். "பாவி நான் பிடிக்காம விட்டுட்டேனே..." என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. அவளோடு சேர்ந்து அழுதேன். என்ன நடிப்பு!

காய்ச்சல்தான் உன்னை அப்படிச் செய்ய வைத்தது என்று நீ சொல்லக்கூடும். இருக்கலாம். ஆனால் இப்போது எனக்குக் காய்ச்சல் இல்லையே! விரல் மடங்குகிறது, தூக்கம் வருகிறது, பிள்ளை மேல் பாசமும் வந்துவிட்டது. பிறகும் ஏன் வாயைத் திறக்கவில்லை? சொன்னால் அவனை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள். அந்தப் பயத்துக்கு அம்மாவை விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் எம்.ரெட்டியபட்டிக்கு எங்களைப் பார்க்க அம்மா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். எலும்பு கூடி, ஓட ஆரம்பித்துவிட்டான் என் மகன். "அம்மாச்சி, தூக்கு!" என்று கையை விரித்துக்கொண்டு ஓடினான்.

"ஏலே, அங்கிட்டுப் போகாதடா. அவுக கீழ போட்ருவாக" என்றார் மாமியார்.

அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஆமாய்யா... அம்மாச்சிக்குக் கை ஆகாதுய்யா" என்றாள்.

நான் அவளுக்குக் காப்பி போட உள்ளே போனேன்.