நடுவில் இருந்தது காற்று

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முதுகலை இயற்பியல் முடித்து ஒரு பேராசிரியரிடம் ஆய்வுக்குச் சேர்ந்தபோது, ஊரில் யாரிடமும் தலை குனிந்து பேசியதாக நினைவில்லை.

மைக்ரோவேவ் அடுப்பில் வைத்த பொருளுக்குள் சூடு எப்படிப் பரவுகிறது என்று கணினியில் கணக்கிடுவதுதான் எங்கள் ஆய்வு. களத்தில் காயும் மிளகாய் மழையில் கெட்டுப்போகிறதே, அதை அடுப்பில் உலர்த்தலாமா என்று பார்க்க எங்கள் பக்கத்துக் குண்டு மிளகாயைப் பேராசிரியர் தேர்ந்தெடுத்தார். என்னைப் பெற்ற அய்யாவின் காட்டில் விளைந்த மிளகாயைப் பரமக்குடியில் பஸ் ஏற்றிக் கொண்டுபோனேன். "கணக்கு ஒத்து வந்தா கட்டுரையில உன் பேரையும் போடுறேம்மா" என்றார் பேராசிரியர். அதை அய்யாவிடம் சொன்னேன். அவர் ஊருக்கே சொல்லிவிட்டார்.

கணக்கு ஒத்து வரவில்லை. மிளகாயை உருளைக்கிழங்கு போலக் கெட்டியான உருண்டையாக வைத்துச் சமன்பாடு எழுதியிருந்தார். அதன்படி நடுவில்தான் சூடு அதிகம். அடுப்பை நிறுத்தியதும் ஊசி வெப்பமானியைக் குத்திப் பார்த்தால், சதையைவிட நடுவில் சூடு குறைவாக இருந்தது.

"நீ சரியா குத்தல."

ஒரு கூடை மிளகாயைக் குத்தினேன். கடைசியில் ஒன்றை அறுத்து அவர் மேசையில் வைத்தேன்.

"நடுவுல காத்துதான் சார் இருக்கு. மைக்ரோவேவ் தண்ணிய சூடாக்கும். காத்த எப்படிச் சூடாக்கும்?"

"இது சந்தை இல்லம்மா. சமன்பாடு."

காய்ந்த குண்டு மிளகாயைக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும். எங்கள் ஊரில் அது கைக்குழந்தைக்கும் தெரியும். சதையை ஓடாகவும் நடுவைக் காற்றாகவும் வைத்து, காயக் காய ஈரம் குறைவதையும் சேர்த்து, நானே முதலிலிருந்து எழுதினேன். மாதங்கள் ஆயின. கணினி வரைந்த கோட்டின்மேல் நான் அளந்த புள்ளிகள் வந்து உட்கார்ந்தன.

அவர் வெகுநேரம் பார்த்தார். "ம். நான் நெனச்ச மாதிரியேதான் வந்திருக்கு."

கட்டுரை வெளிவந்தது. அவர் பெயர், அடுத்து எங்கள் அடுப்பைக் கண்ணால்கூடப் பார்த்திராத அவருடைய நண்பர் பெயர். கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், மிளகாய் கொடுத்து உதவியதற்காக எனக்கு நன்றி.

"பேரு இருக்கேம்மா, இன்னும் என்ன?" என்றார்.

வீட்டுக்குப் போனபோது அய்யா களத்தில் மிளகாயைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

"ஒம் பேரு எங்கன தாயி?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"இம்புட்டுக் கீழயா? எதுக்குப் போட்டிருக்காக?"

"மொளகா குடுத்ததுக்கு."

"மொளகா நானுல்ல குடுத்தேன்? அப்ப நீ செஞ்சதுக்கு எங்க போட்டிருக்காக?"

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவர் மறுபடி கிண்டத் தொடங்கினார்.

அடுத்த வாரம் பேராசிரியர் இன்னொரு கூடை கேட்டார். "சந்தையில கெடைக்கும் சார்" என்றேன். என் பட்டத்துக்கு அவர் கையெழுத்து வேண்டும் என்று தெரிந்துதான் சொன்னேன்.