அஞ்சலாட்சி வைத்த ஆச்சரியக்குறி

வீராம்பட்டினத்து அஞ்சலாட்சி 2006-ல், பெரிய மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தில் டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு தொண்டு நிறுவனம் மீன் விற்கும் பெண்களுக்கு ஐஸ் பெட்டி கொடுக்கவிருந்தது. அறுநூறு பெண்களின் விவரத்தை ஏற்றி, பெட்டி வாங்க ஆளுக்கொரு அட்டை அச்சடிக்க வேண்டும்.

முதல் அச்சில் எல்லா அட்டையிலும் பெயருக்கு நேரே ‘கார்டு-2’ என்று வந்தது. அது புரோகிராமர் கோபிநாத் அந்தப் படிவத்துக்கு வைத்த பெயர். முட்டிமோதிப் பார்த்தவன், கடைசியில் ரேஷன் கார்டிலிருந்து ஏற்றியிருந்த குடும்பத் தலைவர் பெயர் விழும்படி மாற்றி, அறுநூறையும் அச்சடித்துவிட்டான்.

அஞ்சலாட்சி தன் அம்மா வீராயியின் அட்டையை உருவிப் பார்த்தாள். அதில் அப்பாவின் பெயர்.

“சார், எங்கப்பா எங்கள வுட்டுட்டுப் போயி ஒம்போது வருஷம் ஆவுது. பேரு ரேஷன் கார்டுலதான் கெடக்குது. மீன் கூடைய தூக்குறது எங்கம்மா.”

“பெட்டி வந்தா போதாதா? டைப் அடிக்கத்தானே வந்த?” என்றான் கோபிநாத்.

“அவரு வந்து வாங்கிட்டுப் போனா யாரு கேக்குறது? இந்த அட்டைக் கட்ட நான் அனுப்ப மாட்டேன்.”

சாப்பாட்டு நேரத்தில் அவன் கீழே போனதும் புரோகிராமைத் திறந்தாள். அதிலேயே இருந்த இங்கிலீஷ் உதவிப் பக்கத்தை, டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தாள். ‘மீ’ போட்டு, புள்ளி வைத்து, ‘நேம்’ என்று எழுதினால் படிவம் தன் பெயரையே சொல்லும். புள்ளிக்குப் பதில் ஆச்சரியக்குறி வைத்தால், பெயர்க் கட்டத்தில் டைப் அடித்ததைச் சொல்லும். கோபிநாத் முதலில் வைத்திருந்தது புள்ளி. அந்த வரியை மறுபடி எழுதி, ஆச்சரியக்குறி வைத்து, ஓர் அட்டையை அச்சடித்தாள். ‘வீராயி’ என்று வந்தது.

நேரே முதலாளி விஜயராகவனிடம் கொண்டுபோய் வைத்தாள்.

“அறுநூறு அட்டையும் வீணா?” என்றார்.

“அட்டைதான சார் வீணாவுது? அறுநூறு பொம்பளைங்க இல்லியே.”

மறுபடி அச்சடித்தார்கள். அட்டைகள் அவரவர் பெயரில் போயின. ஆனால் மாதக் கடைசியில் விஜயராகவன் அவளைக் கூப்பிட்டு, “எதுத்துப் பேசுற ஆளு இங்க சரிப்படாது” என்றார்.

“சரி சார், போறேன். ஆனா சர்ட்டிபிகேட்டுல டைப் அடிச்சாள்னு மட்டும் எழுதாதீங்க. புரோகிராம திருத்துனாள்னும் எழுதுங்க.”

அவர் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அவள் மேஜை முன்னாலிருந்து நகரவில்லை. அந்தச் சர்ட்டிபிகேட்டைக் காட்டித்தான் கருவடிக்குப்பத்தில் ஒரு கம்பெனியில் புரோகிராமர் வேலைக்குச் சேர்ந்தாள்.