இறக்கைக்குத் தைத்த துணி

வளைகுடாவில், முவைலா என்ற இடத்தில் நாங்கள் குடியிருந்த ஃப்ளாட்டின் ஹால் சிறியது. விமானத்தின் இறக்கைத் துணியை விரித்துப் போட்டால் சோபாவிலிருந்து சமையலறை வாசல்வரை வரும். நாலு மாதம் அப்படித்தான் கிடந்தது.

என் கணவர் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். வெள்ளிக்கிழமையானால் பாலைவனத்தில் இருந்த சின்ன ஃப்ளையிங் கிளப்புக்குக் கிளம்பிவிடுவார். விமானங்கள் புதிதாக வந்த காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் கொட்டகையில் தானே விமானம் கட்டிப் பறந்து, பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்ட கதையை ஆபீஸ் இன்டர்நெட்டில் படித்திருந்தார். அதே மாதிரி ஒரு விமானத்தைக் கிளப் ஷெட்டில் தானும் கட்டத் தொடங்கினார்.

ஒருநாள் துணிச்சுருளோடு வாசலில் வந்து நின்றார். "அவரோட இறக்கையெல்லாம் அவர் பொண்டாட்டிதான் தைச்சாங்களாம்."

"அவங்க வீட்ல சமையல் யாராம்?"

"அதைப் போடலையே."

அன்றிலிருந்து சமையல் அவர் பொறுப்பு. பெரும்பாலும் முட்டைதான்.

நான் முதல் இறக்கையை முடித்ததும் அவர் ஸ்கேல் வைத்து, அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணினார். அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுப்பவள் நான்; கோபம் வந்துவிட்டது. "என் தையல் பிரிஞ்சு இதுவரைக்கும் ஒரு சட்டையாவது திரும்பி வந்திருக்கா?"

"சட்டை பிரிஞ்சா வேற சட்டை போட்டுக்கலாம். இது பிரிஞ்சா நான் விழுந்துடுவேன்" என்றார், சண்டைக்கு இல்லாமல், சாதாரணமாக.

மறுநாள் அவர் டூட்டிக்குப் போனதும் அந்த இறக்கை முழுவதையும் பிரித்தேன். நெருக்கித் தைத்து முடிக்கப் பத்து நாளானது. அவரிடம் சொல்லவில்லை; அடுத்த இறக்கையைத் தைப்பதாக நினைத்துக்கொண்டார்.

பறந்து பார்க்கும் நாளில் கிளப்பின் பெஷாவர்க்கார மெக்கானிக் விமானத்தின் முன்விசிறியைச் சுற்றிவிட்டு, "யல்லா! பாபி, துவா கரோ" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்; கிளம்பலாம், அண்ணி, வேண்டிக்கோங்க என்று அர்த்தம். என் கணவர் ஓட்ட, விமானம் குலுங்கி ஓடி, ஒரு மாடி உயரம் எழும்பியது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்; நான் இறக்கையின் மூட்டுத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது ஒரு சக்கரம் கோணிக்கொண்டது. மற்றபடி ஒன்றுமில்லை.

இறங்கியவர் நேராக என்னிடம் வரவில்லை. குனிந்து இறக்கைக்கு அடியில் கையால் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் வந்தார். முகமெல்லாம் எண்ணெய்.

"மறுபடி தைச்சியா?"

தலையாட்டினேன்.

"அடுத்தது ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி கட்டலாமா?"

ஃப்ளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினேன். "அப்போ இன்னும் நாலு மாசம் முட்டைதான்" என்றேன்.