ஒரு குறை உண்டு

என் அக்காவின் கணவர் வீட்டுத் தரகர். நான் அத்தான் என்று கூப்பிட்டேன், ஊர் அவரைக் குறைக்காரர் என்று கூப்பிட்டது. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். போன வாரம் அலுவலகத்துக்கு வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தியபோது, பின்னால் விழுந்து கிடந்த ஒரு கட்டு பழுப்பு உறைகள் கிடைத்தன. எடுத்து முகர்ந்து பார்த்தேன். பசை வாசனை அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

மருந்துக்கடைக்கு மேலே ஒரே அறைதான் எங்கள் அலுவலகம். தட்டச்சு முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை, "சும்மா இருக்கற வாய்க்கு ஸ்டாம்ப் ஒட்டற வேலையாவது குடுக்கறேன்" என்று அத்தான் அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார். நிஜமாகவே அதுதான் வேலை. விற்பனைக்கு ஒரு வீடு வந்தால், அதைப் பற்றி ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, அச்சடித்து, நானூறு வீடுகளுக்குத் தபாலில் அனுப்புவோம். செவ்வாய்க்கிழமைதான் அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்.

"செவ்வாய் போட்டா வியாழன் போய்ச் சேரும். வெள்ளிக்கிழமை புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போட்டு முடிச்சுடுவாங்க. சனிக்கிழமை நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க."

விலாசத்தைக் கையால்தான் எழுத வேண்டும். அச்சடித்த விலாசம் நேராகக் குப்பைக்கூடைக்குப் போகுமாம், கையெழுத்து என்றால் சொந்தக்காரர் யாரோ எழுதியிருக்கிறார் என்று பிரித்துப் பார்ப்பார்களாம். ஸ்டாம்பைக் கொஞ்சம் கோணலாக ஒட்டச் சொல்வார், நேராக ஒட்டினால் கம்பெனிக் கடுதாசி மாதிரி ஆகிவிடும் என்பார். நானும் நானூறு ஸ்டாம்பையும் கோணலாக ஒட்டியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். சனிக்கிழமை ஆட்கள் வந்து நின்றார்கள்.

கடிதம் எழுதுவது மட்டும் அலுவலகத்தில் நடக்காது. வீட்டு மாடியில் கோடி அறையில், கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதுவார். அக்கா கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில் பசி எடுத்து அவராக இறங்கி வருவார். "அந்த ரூம்ல உக்காந்தா உலகத்துல ஒண்ணுமே காதுல விழாது, அதான் எழுத்து ஓடுது" என்று பெருமையாகச் சொல்லுவார். அக்கா முறைப்பாள், நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

குறைக்காரர் என்ற பெயர் வந்த கதை இதுதான். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் தன் வீட்டை விற்கச் சொல்லி வந்தார். ஒரு நாளைக்கு மூன்று முறை போன் செய்து, அந்த வார்த்தையை மாற்று, இந்த வரியை மாற்று என்று அத்தானின் உயிரை எடுத்தார். கடைசியில் கடிதத்தின் அடியில் ஒரு வரிக்கு இடம் மிஞ்சியது. அத்தான் எரிச்சலில் அங்கே எழுதினார்: "ஒரு குறை உண்டு: மழைக்காலத்தில் பின்சுவர் ஈரம் இழுக்கும்." கடிதத்தைப் பார்த்த மேலாளர் மாடிப்படி அதிர ஏறி வந்து போட்ட சத்தத்தில், கீழே மருந்துக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். வீடு மறு வாரமே விற்றது. வாங்கியவர் சொன்னார்: "இதையே சொல்றவரு வேற எதை மறைக்கப் போறாரு?"

அன்றிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி அதுதான். அத்தானை உடனே உத்தமர் என்று எண்ணிவிட வேண்டாம். குறை உண்மையாக இருக்க வேண்டும், ஆனால் கேட்டவர்கள் மன்னிக்கிற மாதிரி இருக்க வேண்டும், அதுதான் அவர் சாமர்த்தியம். "பொண்ணு கொஞ்சம் குள்ளம்ங்கற மாதிரி இருக்கணும். பொண்ணுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிடுச்சுங்கற மாதிரி இருக்கக் கூடாது" என்பார். பக்கத்து வீட்டு நாய்க்கு உங்களைப் பிடிக்க ஒரு மாதம் ஆகும் என்று எழுதுவார். அடுப்படி நிலை உயரமானவர்களின் தலையைப் பதம் பார்க்கும் என்று எழுதுவார். வீடு வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள்கூட அந்த ஒரு வரிக்காக உறையைப் பிரித்தார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது, செல்போன் வந்தது. இணையத்தில் எங்களுக்கென்று ஒரு பக்கம் தொடங்கியது நான்தான். நல்ல வெளிச்சத்தில் அகல லென்ஸ் வைத்து ஒரு குளியலறையைப் படம் எடுத்துக் காட்டினேன். அத்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இதுல ஐம்பது பேருக்குப் பந்தி போடலாம் போலிருக்கே" என்றார். படத்துக்குக் கீழேயும் குறை போட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இணையத்தில் யாராவது தன் சரக்கைத் தானே மட்டம் தட்டுவார்களா என்று நான் சண்டைக்குப் போனேன்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடிக்கலாம்மா. வீட்டுக்கு ஒரு பொய் சொன்னாலும் முதல் மழையில தெரிஞ்சுடும்" என்றார்.

போட்டேன். ஜனங்கள் என் படங்களைத் தள்ளிவிட்டுக் குறையைத் தேடிப் படித்தார்கள், ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, துவைத்து மடித்த போர்வைகளைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கும்போது அக்கா கால் தவறி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அத்தான் மேலே கதவைச் சாத்திக்கொண்டு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். சாப்பிட இறங்கி வந்தபோதுதான் பார்த்தார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால், இனிமேல் அக்கா படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் படுக்கையறையும் குளியலறையும் மாடியில்தான். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை நேராக என் வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தோம்.

என் தெருவுக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினோம். ஜன்னலோரம் நிறுத்தியதும், "உக்காந்த இடத்துலயே தெரு தெரியுது" என்றாள். விழுந்ததற்குப் பிறகு அவள் முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சத்தைப் பார்த்தேன். அந்த வீட்டுக்காரம்மா ஒரு நர்ஸ். மாதக் கடைசி வரைக்கும் பொறுப்பேன், அதற்கு மேல் வேறு ஆள் காத்திருக்கிறார் என்று சொன்னார். அத்தானின் வீடு விற்றால்தான் இதை வாங்க முடியும். அக்கா தினமும் காலையில் கண் விழித்ததும் கேட்பாள்: "வித்துடுச்சா?" அவளைக் குளியலறைக்கு நான்தான் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். எனக்குத் தொந்தரவாக இருக்குமே என்று சாயங்காலத்துக்கு மேல் அவள் தண்ணீரே குடிப்பதில்லை. சொந்தத் தங்கை வீட்டில் அப்படி இருந்தாள்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். சொந்த வீட்டை விற்றுப் பார் என்பதையும் சேர்த்திருக்க வேண்டும். அத்தான் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதிவிட்டார், கடைசி வரியைத் தவிர. "ஒரு குறை உண்டு" என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, அதோடு நின்றுவிட்டார். பத்து நாள் ஆனது. மேற்கு வெயில் அடிக்கும் என்று போடுங்கள் என்றேன். குழாய் சொட்டும் என்று போடுங்கள் என்றேன். இந்த வீட்டை விட்டுப் போக மனசு வராது என்றாவது போடுங்கள் என்றேன்.

"அது குறையில்லம்மா, விளம்பரம்" என்றார். சாயங்காலமானால் வந்து அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசுவார். விழுந்த நாளைப் பற்றி மட்டும் பேச்சு எடுக்க மாட்டார், அவளும் கேட்க மாட்டாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அவரைக் கேட்காமலே இருபத்திரண்டு படங்களையும் ஒரு வீடியோவையும் இணையத்தில் ஏற்றிவிட்டேன். குறை போடவில்லை. பார்த்தவர்கள் ஏராளம், வந்தவர்கள் மூன்றே குடும்பம். மூன்று பேரும் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். நாலாவதாக ஒரு பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா மனைவியோடு வந்தார். அவருடைய அப்பாவுக்கு வீடு முடித்துக் கொடுத்தவரே அத்தான்தான். இருவருக்கும் வீடு பிடித்துப்போனது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாசலில் செருப்பை மாட்டும்போது கேட்டார்.

"எல்லாம் சரிதாம்மா. குறை என்ன?"

"குறை ஒண்ணும் இல்லீங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். "எங்கப்பா வீட்டுக்குக் கதவு கிறீச்சிடும்னு எழுதினவரு. சொந்த வீட்டுக்கு ஒண்ணுமே இல்லையாம். அப்ப வெளிய சொல்ல முடியாத அளவுக்கு என்னமோ இருக்கு" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. குறை இல்லாத வீட்டை நம்பாதே என்று இந்த ஊருக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான். வேறு எந்தத் தரகரும் செய்ய முடியாத தப்பை நான் செய்திருந்தேன். மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. அந்தக் கோபத்தோடு மாடிக்கு ஏறினேன். அத்தான் அதே தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு வரி அத்தான்! அங்க அக்கா தண்ணி குடிக்காமக் கெடக்கறா. ஊர்ல இருக்கற வீட்டுக்கெல்லாம் குறை கண்டுபிடிச்சீங்க, இதுக்கு ஒண்ணு தோணலையா?"

"ஒண்ணே ஒண்ணுதாம்மா தோணுது. அதை எழுதத்தான் கை வரல" என்றார். பிறகு, "கதவைச் சாத்திட்டுக் கீழ போ. படிக்கிட்ட நின்னு என்னைக் கூப்பிடு" என்றார்.

எதற்கு என்று புரியாமலே போனேன். கடைசிப் படியருகே நின்று அத்தான் என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். மூன்றாவது முறை அடிவயிற்றிலிருந்து கத்தினேன், தெருவில் போனவர் ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். நான் நின்றிருந்த இடம் அக்கா விழுந்த இடம் என்று அப்புறம்தான் உணர்ந்தேன். மேலே ஏறிப் போய்க் கதவைத் திறந்தேன்.

"கூப்பிட்டியா?" என்று கேட்டார்.

மூன்று தடவை என்றேன். அவர் பேனா மூடியைக் கழற்றி எழுதினார்: "ஒரு குறை உண்டு: மாடிக் கோடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டால், கீழே கூப்பிடுவது கேட்காது. எனக்கு நாற்பது நிமிடம் கேட்கவில்லை." எழுதி முடித்துவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அவ்வளவு நேரம் கத்திய நானும் சேர்ந்து அழுதேன்.

செவ்வாய்க்கிழமை நானூறு உறையையும் தபாலில் சேர்த்தோம். இணையத்திலும் அதே வரியைப் போட்டேன். வெள்ளிக்கிழமை குமாஸ்தா போன் செய்தார், சனிக்கிழமை வந்து நின்றார். மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது பேசி முடித்தோம். அவர் குடிவந்ததும் செய்த முதல் வேலை, படிக்குக் கீழே ஒரு பொத்தானும் மாடி அறையில் ஒரு மணியும் வைத்ததுதான். அக்காவும் அத்தானும் அந்தச் சின்ன வீட்டில் ஒன்பது வருடம் இருந்தார்கள், அத்தான் போகும்வரை. அடுப்படியில் கரண்டி விழுந்தால் அங்கே வாசல்வரைக்கும் கேட்கும். அதை அவர் ஒரு நாளும் குறை என்று சொன்னதில்லை.

வீடு விற்றதைவிட எனக்கு மனசில் நிற்பது அதற்கு முந்தின வியாழக்கிழமைதான். தபால்காரர் என் வீட்டில் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டாம்ப் கோணலாக இருந்தது. விலாசத்தில் அக்கா பெயர், அத்தான் கையெழுத்தில். நானூறு பேருக்கு எழுதியவர், முப்பது வருடத்தில் அவளுக்கு எழுதிய முதல் உறை அதுதான். அவள் கண்ணாடியை எடுத்துத் தரச் சொன்னாள். கடிதத்தை மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் திரும்ப ஒருமுறை படித்தாள். போனைக் கொடு என்றாள். நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவள் முன்னால் பிடித்தேன்.

"என்னங்க, லெட்டர் வந்துச்சு. நாப்பது நிமிஷம்னு போட்டிருக்கீங்க. அது தப்பு."

கண்ணாடியைக் கழற்றிக் கடிதத்தின் மேல் வைத்தாள்.

"பத்து நிமிஷம்தாங்க கூப்பிட்டேன். அங்க கேக்காதுன்னு எனக்குத்தான் முப்பது வருஷமாத் தெரியுமே. மிச்ச நேரம், நீங்க சாப்பிட இறங்கி வர்ற நேரம் ஆகட்டும்னு சும்மாதான் படுத்திருந்தேன்."

அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"என்னங்க," என்றாள் அக்கா. "நான் பேசறது கேக்குதா?"

"கேக்குதும்மா" என்றார்.